டப்பா வைத்த இடம்

மணவாளன் டப்பா ஒளித்து வைத்திருந்த சிமெண்ட் குழாய் கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது.

கே.ஜி.கண்டிகைக்குப் போகிற வழியில் ரோட்டோரமாகப் பல வருடமாகப் படுத்துக் கிடந்த குழாய்களில் அதுவும் ஒன்று. மழைநீர் போவதற்கென்று கொண்டுவந்து இறக்கிய ஆபீஸே அவற்றை மறந்துவிட்டிருந்தது. உள்ளே ஆடுகள் குட்டி போட்டன, மழைக்கு ஒதுங்கியவர்கள் சீட்டாடினார்கள். இனி இவை பிரளயத்துக்கும் நகராது என்று நம்பித்தான் மணவாளன் அதில் டப்பாவை வைத்தார். இப்போது நீளமாகப் பள்ளம் வெட்டி ஒவ்வொரு குழாயாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

பைக்கை அப்படியே விட்டுவிட்டு, டை பறக்க ஓடினார்.

"நிறுத்துங்க. அந்தக் குழாய எறக்காதீங்க."

மேஸ்திரி பங்காரு அவரை மேலும் கீழும் பார்த்தார். இன் செய்த முழுக்கைச் சட்டை, டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, தோளில் கனமான கறுப்புப் பை. பங்காரு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா சார் ஆச்சு?"

"உள்ள பாக்கணும்."

"உள்ளயா? எல்லாம் புதுசாட்டம் இருக்குது சார்."

"நான் உள்ள போயி பாத்தாதான் ஆவும்."

குழாய் தரைக்கு வந்தது. மணவாளன் பையை பங்காருவிடம் கொடுத்துவிட்டு டையோடு உள்ளே தவழ்ந்து போனார். வெளியே கிரேன்காரரும் ஆட்களும் மூச்சுவிடாமல் நின்றார்கள். உள்ளே சிமெண்ட் பெயர்ந்து தெரிந்த ஒரு கம்பியில் காந்தத்தால் ஒட்டவைத்திருந்த டப்பா பத்திரமாக இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவருக்கு உயிரே திரும்பி வந்தாற்போல் இருந்தது.

"எப்டி சார் இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டார் பங்காரு.

"ஒண்ணும் ஆவல. நல்லா இருக்குது."

பங்காருவின் முகம் மலர்ந்தது. "ஏ நைனா, சாருக்கு ஒரு டீ சொல்லு" என்று யாரையோ விரட்டினார். மருந்து கம்பெனி ஆட்களிடம் பொதுவாக யாரும் இத்தனை மரியாதை காட்டுவதில்லை. மணவாளனுக்கு அந்த ஊர்க்காரர்களை மிகவும் பிடித்துப்போயிற்று.

மணவாளன் மெடிக்கல் ரெப். திருத்தணி, பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று பைக்கில் சுற்றி, டாக்டர்களின் வாசலில் காத்துக்கிடப்பது தொழில். காத்துக்கிடக்கிற நேரத்தில்தான் செல்போனில் அந்த விளையாட்டைப் பிடித்தார். ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைச் செயலியில் போடுவார். முன்பின் தெரியாத இன்னொருவர் அந்த எண்களை வைத்துத் தேடி வந்து எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, திரும்ப அங்கேயே வைத்துவிட்டுப் போவார்.

"கண்டுபுடிச்சா இன்னா கெடைக்கும்?" என்று மனைவி ரஞ்சிதம் ஒருமுறை கேட்டாள்.

"டப்பா கெடைக்கும்" என்றார் மணவாளன்.



ஆனால் இந்த முறை டப்பாவுக்குள் ஒரு பொருள் இருந்தது. கட்டைவிரல் அளவு மரக்கரடி. பின்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்து அனுப்பியது. டப்பாவுக்கு டப்பா, கைக்குக் கை மாறி நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்தது. அது போகிற இடத்தையெல்லாம் பிள்ளைகள் வகுப்பில் ஒரு வரைபடத்தில் குறித்து வந்தார்கள். சென்னையில் ஒரு பூங்கா வேலிக்குள் கிடைத்த கரடியை மணவாளன் ஆசையாகத் திருத்தணிக்கு எடுத்து வந்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஸ்ரீதர் என்ற பையன் வந்து எடுத்துக்கொண்டு ஜப்பானுக்குப் போவதாக ஏற்பாடு. எத்தனையோ எல்லைகளைத் தாண்டி வந்த கரடி நம்ம ஊரில் தொலைந்தால் அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் மணவாளனின் கவலை. அவர்கள் முகத்தை அவர் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

குழாய் முதல் இழப்பல்ல. அதற்கு முன்னால் பொதட்டூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில், தண்ணீரையே கண்டறியாத தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு டப்பா வைத்தார். மறுவாரம் போனால் புதுத் தொட்டி, புதுக் குழாய், ஜனங்கள் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டப்பா போன இடம் தெரியவில்லை. அதற்கும் முன்னால், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற விளக்குக் கம்பம். அதைப் பிடுங்கிவிட்டு நேரான கம்பம் நட்டு எல்.இ.டி. போட்டுவிட்டார்கள். அந்த வெளிச்சத்தில் நின்று மணவாளன் வெகுநேரம் வயிறெரிந்தார்.

வீட்டுக்கு வந்தபோது ரஞ்சிதம் முன்னறையில் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷினைச் சுற்றி எப்போதும்போல் நாலைந்து பெண்கள். மூலையில் ஒரு கூடை நிறைய வேர்க்கடலை.

"கொழாவும் போச்சா?" என்றாள் நிமிராமல்.

"நல்லவேளையா கரடி கெடச்சிடுச்சி. நான் கை வெச்ச எடமெல்லாம் இப்டி ஆவுதே, இன்னா ராசி இது?"

"விடுங்க. பள்ளிப்பட்டு ரோட்டுல ஒரு ரோடு ரோலர் நிக்குதே, அதுல வெச்சா இன்னா? நான் கல்யாணமாயி வந்தப்பவே அங்கதான் நின்னுக்கினு இருந்துச்சு. அது மேல கொடியே படர்ந்துடுச்சி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுஜாதா, "ஆங், எங்க ஊரு வளைவுலதாங்க நிக்குது. பாதி ரோடு போட்டுட்டு வுட்டுட்டு போனாங்க. ஆம்புலன்ஸ்கூட உள்ள வராது" என்றாள்.

இதைவிட உத்தரவாதம் யார் தருவார்கள்? மணவாளன் வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே மனைவியின் மூளையை மெச்சினார்.

திங்கட்கிழமை மாலை ரோலருக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, அச்சுக்குப் பக்கத்தில் தோதான சந்து கண்டுபிடித்து டப்பாவை ஒட்டினார். பிறகு செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எண்கள் ஒரு நிலைக்கு வரும்வரை முன்னும் பின்னும் நடந்தார். நான்கு பக்கமும் படம் எடுத்தார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மணவாளன் தலையசைத்துவிட்டுக் கிளம்பினார்.

வியாழக்கிழமை அந்தப் பக்கம் போனபோது ரோலர் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறையும் கொஞ்சம் கொடியும்தான் இருந்தன.

துரத்துவதில் சிரமம் இல்லை. வளைவு தாண்டியதும் ரோலர், மாட்டுவண்டிக்கு வழிவிட்டுக்கொண்டு, புதிதாகக் கொட்டிய ஜல்லியின் மேல் போய்க்கொண்டிருந்தது. நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

"பிரேக்கு இன்னும் பழக்கத்துக்கு வரல சார்" என்றார் டிரைவர் சிங்காரம், ஒருவழியாக நின்றதும்.

"இதை எதுக்குங்க எடுத்தீங்க? நல்லாத்தான நின்னுக்கினு இருந்துச்சு."

"அத்த ஏன் சார் கேக்கறீங்க. திங்கக்கெழம மெட்ராஸ்லருந்து யாரோ ஆபீசர் சொல்லாம கொள்ளாம வந்துட்டு போயிக்கிறாரு. வண்டிக்கு அடியில படுத்துக்கினு பாத்தாராம். போட்டோ வேற. அந்த போட்டோல எடம், தேதி, நேரம் எல்லாம் தானா ஏறிடுமாமே. நம்ம ஆபீஸ்ல அன்னிக்கி ஒருத்தரும் சோறு துன்னல. மறுநாளு எனக்கு போன் போட்டு, எப்டியாவது வண்டிய கௌப்புன்னாங்க."

மணவாளனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேற வேலையே இல்லயா அந்த ஆளுக்கு? சும்மா நிக்கிற வண்டிய நோண்டிக்கினு. என் கையில கெடச்சான்னா தெரியும்."

"கொடுமக்கார ஆளா இருப்பாரு போல சார்."

"சரி, கொஞ்சம் நில்லுங்க" என்று மணவாளன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார்.

சிங்காரம் ஒரு கணம் பார்த்தார். வாயிலிருந்த பீடியைக் கீழே போட்டுவிட்டு, சட்டையின் மேல் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

மணவாளனுக்கு மருந்துகளின் பக்கவிளைவுகள் அத்தனையும் மனப்பாடம். தன்னுடைய பக்கவிளைவு மட்டும் தெரியாது. கரடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர் கிளம்பினார், சிங்காரம் சல்யூட் அடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அன்று வீட்டில் யாரோ கொண்டுவந்து கொடுத்த பிஞ்சுக் கத்திரிக்காயில் குழம்பு. சாப்பாடு இறங்கவில்லை மணவாளனுக்கு.

"ஞாயித்துக்கெழம அந்தப் பையன் வரான். இனிமே எங்க கொண்டுபோயி வெக்கிறது? கையிலயே குடுத்துடலாம்னா, டப்பாலருந்து எடுத்தாதான் கணக்கு."

ரஞ்சிதம் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "ஏங்க, நம்ம தெருப் பள்ளத்துல வெச்சா?"

மேட்டுத் தெருப் பள்ளம் அவர்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டி, மூட மறந்து, இரண்டு தேர்தல்களைப் பார்த்த பள்ளம். மனு கொடுத்து அலுத்துப்போன தெருக்காரர்கள் அதைச் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள். போன கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு போனவர்கள்கூட அந்த இடம் வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓரமாக நடந்துதான் போனார்கள்.

"வாசல்லயே இருந்தா நானும் கண்ணுல வெச்சி பாத்துக்கலாம்ல" என்றாள்.

மணவாளன் நெகிழ்ந்துபோனார். கல்யாணமான புதிதில் இவருடைய கிறுக்குகளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவள். இப்போது இடம் தேடித் தருகிறாள். வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்புமுன் பள்ளத்தில் இறங்கி, கற்களுக்கு நடுவே டப்பாவைச் சொருகி, வழக்கம்போல் செல்போனைத் தூக்கிப் பிடித்து நடந்து, படம் எடுத்துச் செயலியில் போட்டார்.

ஞாயிறு காலை ஸ்டேஷனுக்குப் போய் ஸ்ரீதரை அழைத்து வந்தார். ரயில் தாமதம். மலையைக் காட்டி, வழியில் ஒரு காபி வாங்கிக் கொடுத்து, பெருமையாகப் பேசிக்கொண்டே தெருவுக்குள் திரும்பியவர் பைக்கை நிறுத்திவிட்டார்.

பள்ளம் இல்லை. தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கறுப்பாகப் பளபளத்தது. தார் இன்னும் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வேலையை முடித்துவிட்டு லாரி கிளம்பிக்கொண்டிருந்தது.

ஸ்ரீதர் செல்போனைப் பார்த்தபடி நடந்து வந்து ஓர் இடத்தில் நின்றான். "இங்கதான் சார் காட்டுது."

மணவாளன் அந்த இடத்தைப் பார்த்தார். கடல் தாண்டி வந்த கரடி, மேட்டுத் தெருத் தாருக்கு அடியில். வரைபடத்துக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளை நினைத்தார். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க சார். எங்கயும் நடக்கிறதுதான்" என்றான் ஸ்ரீதர்.

"இல்ல தம்பி. இதோட நான் இந்த வெளையாட்ட விட்டுட்டேன். எனக்கு இதுக்கு யோகம் இல்ல."

அப்போது உள்ளேயிருந்து ரஞ்சிதம் வந்தாள். உள்ளங்கையை விரித்தாள். கரடி.

"எப்படி?" என்றார் மணவாளன். எழுந்திருக்கக்கூட மறந்துபோனார்.

"வெள்ளிக்கெழம நீங்க அந்தாண்ட போனதுமே எடுத்து பித்தான் டப்பாவுல போட்டு வெச்சிட்டேன். பாவம், புள்ளைங்க பொருளு. அதுக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா?"

"மூடிடுவாங்கன்னு ஒனக்கு எப்டி தெரிஞ்சிது?"

"ஏதோ தோணிச்சிங்க" என்று அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

மணவாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா தம்பி. ஒரு பொம்மைக்கு இவ்ளோ பதறுறா. என்னைப் புரிஞ்சிக்கினது இந்த ஊர்லயே இவ ஒருத்திதான்" என்றார். ஸ்ரீதர் கரடியை பித்தான் டப்பாவோடு வாங்கி, அதையே கணக்கில் வைத்துக்கொள்வதாகச் சொல்லிப் படம் எடுத்தான். ரஞ்சிதம், "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து டிபன் சாப்புடுங்க" என்று இருவரையும் அவசரமாக உள்ளே தள்ளப் பார்த்தாள்.

அதற்குள் அடுத்த தெரு கௌரியம்மாள் புதுத் தார் ரோட்டை ஓரக்கண்ணால் அளந்தபடி வந்து, கழுவித் துடைத்த ஒரு காலி டப்பாவை ரஞ்சிதத்தின் கையில் திணித்தாள்.

"ஏன் ரஞ்சிதம், இது நாயமா? எங்க தெரு சாக்கடைக்கு சார் டப்பா வெக்கணும்னு போன மாசமே ஒன்கிட்ட சொல்லி வெச்சேன், என்ன நிக்க வெச்சிட்டு நீ பாட்டுக்கு ஒன் தெருவ முந்தி முடிச்சிக்கினியே."