கிழிசலுக்கு மதிப்பெண்

கல்வி உதவி வாரியம் ஏழைகளைக் கண்டுபிடிக்கப் படாத பாடு பட்டது. வருமானச் சான்றிதழ் கேட்டால் பொய்ச் சான்றிதழ்தான் வந்தது. ஆகவே, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழியை வாரியம் கூட்டம் போட்டு ஆராய்ந்தது. தீர விசாரிக்க ஆள் பற்றாக்குறை. காதால் கேட்க நேரமில்லை. மிச்சம் கண்தான். இனி பெற்றோரை நேரில் வரவழைத்து, அவர்கள் உடுத்தியிருப்பதைப் பார்த்தே ஏழ்மைக்கு மதிப்பெண் போடுவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

இதெல்லாம் தையல்காரருக்குத் தெரியாது. ஒரு கதவு அகலமே உள்ள கடையில் உட்கார்ந்து, பழைய துணிகளைத் தொளதொளப்பாக இருந்தால் பிடித்துக் கொடுத்தும், இறுக்கமாக இருந்தால் விட்டுக் கொடுத்தும் பிழைப்பவர் அவர். மகளுக்கு மருந்தியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வங்கியில் வாயெல்லாம் பல்லாகக் கடன் தருகிறோம் என்றார்கள். தவணையைப் பார்த்தால், மகள் பேரன் பேத்தி எடுக்கும்வரை கட்டவேண்டும் போலிருந்தது. மைத்துனர் மகன் அப்படித்தான் படித்தான். கடனை அடைக்க இரண்டு இடத்தில் வேலை பார்த்ததில் படித்ததே அவனுக்கு மறந்துவிட்டது. கடன் மட்டும் கூடவே கூடாது என்று தையல்காரர் உறுதியாக இருந்தார். வாரியம் கொடுப்பதைத் திருப்பித் தரவேண்டியதில்லை. ஆனால் வருடத்துக்குப் பன்னிரண்டு பேருக்குத்தான்.

பெரியவர்கள் முன்னால் போய் நிற்கிறோமே என்று, இருந்த ஒரே நல்ல சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனார். வாரியத்தின் தேர்வுக் குழுத் தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு பட்டன்கூட விழலையே?"

"நான் டெய்லருங்க சார்."

"அதை எங்க எழுதறது? படிவத்துல பட்டனுக்கு மட்டும்தான் கட்டம் இருக்கு."

'ஏழ்மை கண்ணுக்குப் புலப்படவில்லை' என்று எழுதிவிட்டார்கள். ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு உண்டு, அடுத்த வாரம் ஏழ்மையோடு வாருங்கள் என்று குமாஸ்தா அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

அன்று மாலையே அந்தச் சட்டையை முழங்கையில் கிழித்தார் தையல்காரர். தொழில் புத்தி சும்மா இருக்குமா? பிரிந்து தொங்கிய நூலைப் பார்க்கச் சகிக்காமல், கிழிசலின் ஓரத்தைச் சுற்றிலும் மடித்து, நிறம் பார்த்து நூல் கோத்து அழகாகத் தைத்துவிட்டார். "கிழிசலுக்கு எதுக்குப்பா ஓரம்?" என்று மகள் கேட்டாள். "இல்லன்னா பிரிஞ்சு பெரிசாயிடும்மா" என்றார்.

மறுவாரம் தலைவர் அந்த முழங்கையை விரலால் தடவிப் பார்த்து மலைத்துப் போனார். தம் மகன் இதே மாதிரிக் கிழிசலுக்குப் பெரிய கடையில் அரை மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுத்ததாகவும், அதில்கூட இந்த நேர்த்தி இல்லை என்றும் மற்ற உறுப்பினர்களிடம் குறைபட்டுக்கொண்டார். 'ஆடம்பரம்' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

வெளியே வந்த தையல்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வரிசையில் நின்ற கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர், மோதிரங்களைக் கழற்றிப் பைக்குள் போட்டபடியே அவரை ஓரமாகக் கூப்பிட்டு, தேறுகிற மாதிரி ஒரு சட்டை செய்து கொடுத்தால் கேட்ட கூலி தருவதாகச் சொன்னார். எந்தச் சட்டை தேறாது என்று ஊரிலேயே முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் இப்போது தையல்காரர்தான். ஓரம் தைக்காமல், காலரைக் கல்லில் தேய்த்து, மூன்றாவது பட்டனை மட்டும் வேறு நிறத்தில் வைத்துக் கொடுத்தார். ஒப்பந்தக்காரருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கிடைத்தது.

அதற்குப் பிறகு கடை வாசலில் கார் நிறுத்த இடமில்லை. மகளின் முதல் வருடக் கட்டணத்தைக் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே கட்டினார், ஒரு காசு கடன் இல்லாமல். இவ்வளவு பரம ஏழைகளை இதுவரை கண்டதில்லை என்று வாரியத்தின் ஆண்டறிக்கை பெருமைப்பட்டது.

அடுத்த வருடம் முன்பணம் வாங்கிப் பன்னிரண்டு சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து நின்றார். மூட்டை தூக்கும் தொழிலாளி. இஸ்திரி போட்ட சட்டை. முதல் வாய்ப்புப் போய்விட்டதாம்.

"நான் நிஜமாவே ஏழைண்ணே. பார்த்தா தெரியலையாம். வீட்டுல கிழிச்சா வேணும்னு கிழிச்சதுன்னு கண்டுபிடிச்சிடறாங்க. பையன் நல்லாப் படிக்கிறான். நீங்கதான் ஒரு சட்டை பண்ணித் தரணும்."

தையல்காரருக்கு வெட்கமாக இருந்தது. இருப்பது பன்னிரண்டு இடம். வாங்கியிருப்பது பன்னிரண்டு முன்பணம். மகளுக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி. தரையைப் பார்த்துக்கொண்டே வழக்கமான கூலியைச் சொன்னார்.

வந்தவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். "அவ்வளவுக்கு நான் கடன்தாண்ணே வாங்கணும்" என்றார்.

"கடன் மட்டும் வாங்கிடாதீங்க தம்பி. குடும்பத்தையே அழிச்சிடும்" என்று தையல்காரர் மனதார எச்சரித்துவிட்டு, காரில் காத்திருந்தவரை அளவெடுக்க உள்ளே கூப்பிட்டார்.