கயிறும் திருகோணமலையும்

ஒரகடத்தில் ஆரம்பித்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கிற அத்தனை கம்பெனிகளையும் ஒற்றை ஆளாக நிறுத்தக்கூடிய மனிதன் ஒருவன் உண்டென்றால், அது எங்கள் கயிறுதான். மழையும் மின்வெட்டும் சேர்ந்து முடிக்காத காரியத்தை அவன் ஒரு கையால் முடித்துவிடுவான்.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கார் கம்பெனி லைனில் ஒவ்வொருவர் தலைக்கு மேலேயும் ஒரு கயிறு தொங்கும். வேலையில் தப்பு கண்ணில் பட்டால் அதை இழுக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வருவார், உடனே சரியாகவில்லை என்றால் லைன் மொத்தமும் நிற்கும். சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் இதைச் சொல்லித்தருவார்கள். எல்லோரும் தலையாட்டிவிட்டு அந்தக் கயிறு இருக்கிற திசையைக்கூடப் பார்க்க மாட்டோம். லைனை நிறுத்தியவன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த இவன் ஒருவன்தான் அதை மனதார நம்பினான். கதவு ரப்பர் நூலளவு தூக்கியிருந்தால் இழுப்பான். பக்கத்து ஆளின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தாலும் இழுப்பான்.

அந்த லைனின் டீம் லீடர் நான். அவன் இழுத்த போதெல்லாம் ஓடியவனும் நான்தான்.

ஓடியதற்கு எனக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. இழுத்ததற்கு அவனுக்குக் காலைக் கூட்டத்தில் கைதட்டலும் ஒரு டிபன் பாக்ஸும் கிடைத்தன. கேன்டீன் அக்கா அவன் தட்டில் மட்டும் அப்பளத்தை அள்ளி வைப்பார். எனக்காக ஒரு நொடி நிற்காத கம்பெனி பஸ், அவன் வரும்வரை உறுமிக்கொண்டே நிற்கும். இதெல்லாம்கூடப் போகட்டும். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிடக் கூட்டிப்போனேன். அன்றிலிருந்து ஞாயிறு வந்தால் என் அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை, எனக்குப் பின்னால் வாசலைப் பார்ப்பார். "அந்தக் கோவில்பட்டிப் புள்ள வர்லியா? அது வந்தாதான் மீனு வறுப்பேன்." பெற்ற பிள்ளை பசியோடு நிற்கிறேன். எனக்கு அவன் மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த நிலையில்தான் இலங்கைக்கு சைக்கிள் பயணம் போகலாம் என்று எனக்கு யோசனை வந்தது. நானும் அவனும் எங்கள் லைனிலேயே வேலை செய்யும் மணிமங்கலத்து சேகரும் முத்துவும் ஞாயிறு காலைகளில் மணிமங்கலம் ஏரிக்கரை வரை சைக்கிள் மிதிப்போம். கம்பெனிக்கு வருடாந்திர ஷட்டவுன் வந்தது. யாழ்ப்பாணத்தில் இறங்கி, சைக்கிளை வாடகைக்கு எடுத்து, திருகோணமலை வரை மிதித்து, அங்கே கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவது திட்டம். வழி பார்த்தது நான், தங்குமிடம் பேசியது நான், டிக்கெட் போட்டது நான். என் தலைமையில் ஒரு காரியம் ஆரம்பித்த இடத்திலிருந்து முடிய வேண்டிய இடம்வரை நிற்காமல் போக வேண்டும், கடலுக்கு முன்னால் நான் நடுவில் நிற்கிற படத்தை அம்மா பார்க்க வேண்டும். வாழ்க்கையில் அவ்வளவுதான் நான் கேட்டது.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் அவன் அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேல், கயிறு தொங்க வேண்டிய அதே இடத்தில், பணிப்பெண்ணை அழைக்கிற பொத்தான் இருந்தது. முன்சீட்டுத் தட்டில் ஒரு திருகாணி ஆடுகிறது என்று அழுத்தினான். அந்தப் பெண் ஓடி வந்தார். நான் ஓடுகிற அதே ஓட்டம். அவர் திரும்பிப் போனதும் ஜன்னல் திரை சரியாக இறங்கவில்லை என்று மறுபடி அழுத்தினான். எனக்கு அந்தப் பெண்ணை எழுந்து நின்று கும்பிட வேண்டும்போல இருந்தது. இறங்கும்போது அவர் எங்கள் மூவருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொன்னார். அவனுக்கு மட்டும் தனியாக இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்து வாடகைக் கடையில் இருந்த சைக்கிள்களை எல்லாம் அவன் வெளியே உருட்டி வரச் சொல்லித் தட்டிப் பார்த்ததில் முதல் நாள் போயிற்று. மறுநாள் கிளம்பினோம். நான் முன்னால், அவன் கடைசியில். கொடிகாமத்தைத் தாண்டும்போது எதிரே ஒரு அக்கா பழைய சைக்கிளில் வந்தார். செயின் கிறீச் கிறீச் என்றது. பின்னாலிருந்து "ஸ்டாப்" என்று குரல். திரும்பிப் பார்த்தால் வலது கையைத் தூக்கி, இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறான். நாங்கள் மூவரும் பிரேக் பிடித்தோம். பிடித்தது மட்டுமா, நான் சைக்கிளைப் போட்டுவிட்டு அவனை நோக்கி ஓடினேன். உடம்பு பழகிவிட்டது, வெளிநாடு என்று அதற்குத் தெரியவில்லை.

அவன் செயினைச் சரிசெய்தான். அக்காவுக்கு அங்கேயே சிறிய கடை. இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். சாப்பிட்டு எழுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தன் சைக்கிளோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். பொழுது சாய்ந்தது, அக்காவின் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலேயே தங்கினோம். காலையில் எழுந்து பார்த்தால், ஒழுங்கை என்று அவர்கள் சொல்கிற அந்தச் சந்து முழுக்க சைக்கிள்கள்.

நியாயமாக நாங்கள் செய்ய வேண்டியது மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்புவது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? லைன் போட்டோம். மாமரத்தடியில் முதல் ஸ்டேஷனில் சேகர் துடைத்தான், இரண்டாவதில் முத்து செயினுக்கு எண்ணெய் விட்டான், மூன்றாவதில் நான் பிரேக் பார்த்தேன், கடைசியில் அவன் இன்ஸ்பெக்‌ஷன். மாங்கிளையில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றைத் தொங்கவிட்டு அதன் முனையில் சைக்கிள் மணி ஒன்றைக் கட்டினான். வருடம் முழுவதும் லைனில் நின்றது போதாதென்று, டிக்கெட் போட்டுக் கடல் தாண்டி வந்து லைனில் நின்ற மனிதர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான். அவன் மணி அடிக்கும்போதெல்லாம் நான் இங்கேயும் ஓடினேன்.

அந்த அக்கா தேநீர் கொண்டுவந்து கொடுத்தபடி என்னிடம் கேட்டார்: "தம்பி, நீங்கள் அவரோட வந்தனீங்களோ?"

அவரோட வந்தேனாம். அவனைக் கூட்டிவந்ததே நான்.

மறுநாள் காலை, இன்றைக்குக் கிளம்பியே ஆக வேண்டும் என்று சொன்னேன். இன்னும் கொஞ்சம் சைக்கிள்தான் பாக்கி என்றான் சேகர். முத்துவும் தலையாட்டினான்.

"இன்னாடா நெனச்சிகினு கீறீங்க? டூர் வந்தமா, சர்வீஸ் பண்ண வந்தமா?" என்றேன். "நான் போறேன். வர்றவன் வா."

யாரும் வரவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டேன்.

ஆனையிறவு வரைக்கும் கோபம் மிதித்தது. இரண்டு பக்கமும் உப்பளம், காற்று, நேரான சாலை. நிறுத்தச் சொல்ல ஒரு ஆள் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என் திட்டம் திட்டப்படியே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் இடது பெடலில் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. கண்டுகொள்ளாமல் மிதித்தேன். மறுபடி டொக். அவன் இருந்தால் இதற்குள் நிறுத்தியிருப்பான் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் என் வலது கை தானாக மேலே போய், இல்லாத கயிற்றை இழுத்தது. பின்னால் பிரேக் பிடிக்க யாரும் இல்லை. அந்த வெட்டவெளியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

யாழ்ப்பாணம் பக்கம் போகிற லாரி ஒன்று, நான் லிஃப்ட் கேட்பதாக நினைத்து நின்றது. எங்கே போகவேண்டும் என்று டிரைவர் கேட்டார். கொடிகாமம் என்றேன்.

மாமரத்தடியில் ஒரு சைக்கிள்கூட நகரவில்லை. சேகர் கல்மேல் உட்கார்ந்திருந்தான். வரிசையில் வந்தவர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் இன்னொரு சைக்கிளோடு வந்து பொறுமை இழந்து நின்றுகொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று முத்துவிடம் கேட்டேன்.

"நீங்க தெரு முக்கு திரும்புனதும் கயித்த இழுத்துட்டாண்ணே. பிரேக்கையும் நானே பாக்கேன்னு சொன்னேன். கேக்க மாட்டேங்கான்."

கயிறு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"ஸ்டேஷன்ல ஆள் இல்லல்லா அண்ணே. லைன் எப்படி ஓடும்?"

நான் போய் என் இடத்தில் நின்றேன். அவன் மணியை அடித்தான். லைன் ஓடியது. நடுவில் என் சைக்கிளையும் வரிசையில் சேர்த்து இடது பெடலை மாற்றிவிட்டான். திருகோணமலையை இன்றுவரை நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் காட்டியது மாமரத்தடிப் படம். அதில் நடுவில் நிற்பது அவன்தான். அம்மா அதைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார்.

பிறகு ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்து அவன் போய்விட்டான். இப்போது என் லைன் நிற்பதே இல்லை. காலைக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டுகிறார்கள், டிபன் பாக்ஸும் கொடுத்துவிட்டார்கள். கயிறுகள் எல்லாம் இழுக்க ஆளில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஓசூரில் எவனோ ஒரு டீம் லீடர் இந்நேரம் மூச்சு வாங்க அவனிடம் ஓடிக்கொண்டிருப்பான். எனக்கு இப்போது பொறாமையெல்லாம் அந்த ஆள் மேல்தான்.