மங்களத்துக்குத் தோசை என்று பேர்

மயூர் விஹார், தில்லி
25-10-2007

சௌபாக்கியவதி ஜலஜாவுக்கு உன் நாத்தனார் மீனாக்ஷி மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. அம்பாள் அனுக்கிரகத்தில் இங்கே எல்லாம் க்ஷேமம், என் தொண்டைதான் படுத்திவிட்டது. தம்பி வைத்திக்கு முட்டிவலி தேவலையா என்று எழுதவும்.

போன வாரம் நீ போன் பண்ணினபோது எடுத்து மூச்சு மட்டும் விட்டது நான்தான். எவனோ பொறுக்கி என்று நினைத்து நீ திட்டினது அத்தனையும் கேட்டேன். உனக்கு இவ்வளவு வார்த்தை தெரியும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போச்சு. விஷயம் என்னவென்றால், தொண்டைக்குள் பட்டாணி மாதிரி ஏதோ தடித்திருந்ததாம். பாடக்கூடாது, பேசக்கூடாது, ரகசியம்கூடச் சொல்லக்கூடாது என்று டாக்டர் வாயைக் கட்டிவிட்டார். அதுவும் எப்போ, நவராத்திரி வர்ற சமயத்துல. நான் கல்யாணமாகித் தில்லி வந்ததிலேர்ந்து நவராத்திரி வெள்ளிக்கிழமை நம்மாத்துப் பூஜை என் பாட்டு இல்லாம நடந்ததில்லை. இந்த வருஷம் பாட்டே இல்லேன்னா மேல் மாடி லீலாவதி மாமி, "பரவாயில்லை மீனாக்ஷி, நான் பாடிடறேன்"னு சப்பணம் போட்டு உக்காந்துடுவா. அம்பாள் பொறுத்துப்பா. நான் பொறுத்துக்க மாட்டேன்.

அப்போதான் பாட்டுப் பெட்டி ஞாபகம் வந்தது. பிள்ளை ஷங்கர் போன வருஷம் வாங்கிக் கொடுத்தானே, தீப்பெட்டி மாதிரி, காதுல சொருகிண்டு கேக்கறது. எழுபது சாமி பாட்டுக்கு மேல, எல்லாம் கடைக்கே போகாம கம்ப்யூட்டர் வழியாவே பணம் கட்டி வாங்கிப் போட்டிருந்தான். சாமி பாடற பெட்டின்னா அதுவும் சாமிதானேன்னு நான் தினம் அதுக்கு ஒரு பொட்டு வெச்சு, எல்லாப் படத்துக்கும் தெளிக்கற மாதிரி அதுக்கும் தீர்த்தம் தெளிச்சுண்டிருந்தேன். அது ஒருநாள் பொசுக்குனு கண்ணை மூடிடுத்து. மாட்டுப்பொண் ப்ரீதா ஒரு வார்த்தை சொல்லலை. மறுநாளே வேற கம்பெனிப் பெட்டி ஒண்ணு, நீலக் கலர்ல, வாங்கிண்டு வந்துட்டா. பாட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு, ஆனா புதுசுக்குள்ள போவேனாங்கறது. அந்தக் கம்பெனிகிட்ட வாங்கின பாட்டு அந்தக் கம்பெனிப் பெட்டியிலதான் பாடுமாம். பொறந்தாத்துல எடுத்த பொடவையைப் புக்காத்துல கட்டிக்கப்படாதுங்கற மாதிரி இருக்கு பாரு. பணம் நம்மளது, பூட்டு அவாளோடது.

ஷங்கர் ஆபீஸ் வேலையா பெங்களூர்ல, இவர் சென்னையில அவரோட தம்பி ஆத்துல. இங்கே நானும் ப்ரீதாவும்தான். அவ தில்லியிலேயே பொறந்து வளர்ந்தவ. தமிழ் பேசுவா, ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது. எனக்குக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்ச தமிழ்தான் எழுத வரும். ஹிந்தி கறிகாய்க்காரனோட சண்டை போடற அளவுக்குப் பேசுவேன், எழுதத் தெரியாது. நான் பெரிய எழுத்துல ஒரு காகிதத்துல எழுதி நீட்டினா, அவ தலையைச் சாய்ச்சுப் பாத்துட்டு, "அச்சா, கோலம் மாதிரி அழகா இருக்கும்மா, என்ன எழுதியிருக்கேள்?"ங்கறா. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வாயும் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை. லீலாவதி மாமிக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆனா அவாகிட்ட போய் நிக்கறதுக்குப் பூஜையே வேண்டாம்.

அந்தப் பொண்ணு அசரலை ஜலஜா. நொய்டாவுலேர்ந்து ஆபீஸ் முடிஞ்சு வந்து, செருப்பைக் கழட்டின கையோட கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துடுவா. அந்தக் கம்பெனியே சி.டி.யில வேணா எழுதிக்கலாம்னு ஒரு வழி விட்டிருக்காம், அதைக் கண்டுபிடிச்சா. பாட்டையெல்லாம் நாலஞ்சு சி.டி.யில ஏத்தி, ஒவ்வொண்ணாத் திரும்பக் கம்ப்யூட்டருக்குள்ள விட்டு, அங்கேர்ந்து நீலப் பெட்டிக்கு. பாட்டு வந்துடுத்து, ஆனா பேரெல்லாம் வழியிலேயே உதிர்ந்து போச்சு. ட்ராக் ஒண்ணு, ட்ராக் ரெண்டுன்னு வெறும் நம்பர். சி.டி.க்கு ஒரு ட்ராக் ஒண்ணு இருக்கே, எல்லா ஒண்ணும் ஒரே இடத்துல கூடிண்டு நிக்கறது. போட்டுப் பாத்தா எடுத்த எடுப்புல மங்களம். அப்புறம் அம்பாளுக்குத் தாலாட்டு. தூங்கப் பண்ணின அம்பாளை அடுத்த பாட்டு எழுந்திரும்மான்னு எழுப்பறது. பிள்ளையார் கடைசியில எங்கேயோ நிக்கறார். நிறுத்து நிறுத்துன்னு கையை ஆட்டினேன். நான் தாளம் போடறேன்னு நினைச்சு அவ சத்தத்தை ஏத்தினா.

கடைசியில நடிச்சுக் காட்டறதுன்னு ஆச்சு. பூஜைக்கு வேண்டியதை முதல்ல முடிச்சுடலாம்னு அவ ஒரு பாட்டு போடுவா, எந்தச் சாமின்னு நான் காட்டணும், அவ அதுக்கு ஒரு நம்பரும் பேரும் போடுவா. பிள்ளையாருக்கு மூக்குக்கு முன்னால கையை ஆட்டினேன், உடனே பிடிச்சுண்டுட்டா. கிருஷ்ணருக்குப் புல்லாங்குழல், "கன்ஹையா, ஓகே." முருகனுக்கு வேல் பிடிக்கற மாதிரி நின்னா, "துடைப்பமா அம்மா?"ங்கறா. அம்பாளுக்குச் சிங்கம் மாதிரி முழிச்சா, "கோபமா இருக்கேளா?"ன்னு தண்ணி கொண்டு வந்து கொடுக்கறா. மங்களத்துக்குக் கற்பூர ஹாரத்தி காட்டற மாதிரி கையைச் சுத்திச் சுத்திக் காட்டினேன். "தோசையா? இப்போவா?"ன்னு எழுந்து போய் நெஜமாவே ஒரு தோசை வார்த்துண்டு வந்துட்டா. பசியா இருந்தது, சாப்பிட்டுட்டேன். அதனால மங்களத்துக்குத் தோசைன்னே பேர் வெச்சுட்டா.

முருகனுக்கு வேல் பலிக்கலைன்னு மறுநாள் மயிலா மாறினேன். பொடவைத் தலைப்பைத் தோகையாட்டம் ரெண்டு கையாலயும் விரிச்சுண்டு கூடத்துல குதிச்சு வர்றேன், கதவு திறந்திருக்கு, வாசல்ல லீலாவதி மாமி. பாத்தா. கன்னத்துல போட்டுண்டா. போயிட்டா. அரை மணியில நாலு மாமி எலுமிச்சம்பழமும் குங்குமமுமா வந்து என் கால்ல விழறா. என் மேல அம்பாள் வந்திருக்காளாம். "தாயே, என் பொண்ணுக்கு அமெரிக்கா விசா வருமா?"ன்னு லீலாவதி கேக்கறா. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லணும், வாய் இல்லை, தலையை ஆட்டினேன். விசா வராதுன்னு அவ அங்கேயே ஓன்னு அழறா.

ப்ரீதா என்ன பண்ணினா தெரியுமோ. நீலப் பெட்டியும் சின்ன ஸ்பீக்கரும் எடுத்துண்டு ஒவ்வொருத்தர் ஆத்துக்கும் ஏறி இறங்கி, "மாமி, அம்மா மேல யாரும் வரலை, பாட்டுக்குப் பேர் வெச்சுண்டிருந்தோம், கேட்டுப் பாருங்கோ"ன்னு போட்டுக் காட்டிட்டு வந்தா. எனக்குத் தலைகுனிவு வராம, அவாளுக்கும் கோபம் வராம. நானா இருந்தா லீலாவதியை இன்னும் கொஞ்ச நாள் அழவிட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கூடம் நிறைய மனுஷா. ப்ரீதா ஸ்பீக்கர் பக்கத்துல, பட்டுப்பொடவை கட்டிண்டு. பிள்ளையார் முதல்ல வந்தார், அம்பாள் வரிசையா வந்தா, எனக்கு நெஞ்சு குளிர்ந்து போச்சு. தாலாட்டு பாதி ஓடறபோது டொய்ங்னு பெட்டி அணைஞ்சுடுத்து. சார்ஜ் தீர்ந்து போச்சு. அம்பாள் பாதித் தூக்கத்துல, எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறா, லீலாவதி மாமி தொண்டையைக் கனைச்சுக்கறா. அதுக்குள்ள ஒரு குரல். ப்ரீதா. விட்ட இடத்துலேர்ந்து அப்படியே எடுத்தா. அத்தனை சாயங்காலம் திருப்பித் திருப்பிக் கேட்டதுல அந்தப் பாட்டு அவ நாக்குல உக்காந்திருக்கு. அர்த்தம் பாதி தெரியாது, ழ எல்லாம் ல, ஆனா சுருதி ஒரு இழை பிசகலை ஜலஜா. குழந்தையைத் தட்டிக் கொடுக்கற மாதிரி தன் முழங்காலைத் தட்டிண்டே பாடி முடிச்சா. லீலாவதி மாமி கண்ணைத் துடைச்சுண்டா. நான் கொலுபொம்மை மாதிரி உக்காந்திருந்தேன்.

அப்புறம் வயரைச் சொருகி, ப்ரீதா எல்லார் முன்னாலயும் பளிச்சுனு கேட்டா, "அம்மா, இப்போ தோசை போடட்டுமா?" லீலாவதி மாமி ரொம்பப் பெருந்தன்மையா, "எதுக்கும்மா சிரமம், சுண்டலே போதும்"னா.

இப்படிப்பட்ட பொண்ணை எனக்குக் கொடுத்ததுக்கு அம்பாளுக்கு அடுத்த வருஷம் ஒன்பது கஜம் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். வைத்திக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். நீ மஞ்சளும் குங்குமமுமாய் நூறு வயசு இரு.

உன் பிரியமுள்ள
மீனாக்ஷி

பி.கு.: இதை வைத்தியைத் தவிர யாரிடமும் சொல்லாதே. பூஜை அன்றைக்குக் காலையிலேயே, ப்ரீதா ஆபீஸ் போனப்புறம் நான் தனியாகப் போனபோது, டாக்டர் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாய் ஆகிவிட்டது, தாராளமாய்ப் பேசலாம், பாடலாம் என்று சொல்லிவிட்டார். பெட்டி நின்னதும் பாடலாம்னு வாயைத் திறந்தேன், அவ ஆரம்பிச்சுட்டா, மூடிண்டுட்டேன். இன்னும் மூடிண்டுதான் இருக்கேன். பொய் ஒண்ணும் சொல்லலை, பேசாம இருக்கேன், அவ்வளவுதான். பெட்டியில இன்னும் பாதிப் பாட்டுக்கு மேல பேர் வெக்காம இருக்கு. நான் வாயைத் திறந்தா அரை மணியில எல்லாம் முடிஞ்சுடும், அவளும் எழுந்து அவ ரூமுக்குப் போயிடுவா. இன்னிக்குச் சாயங்காலம் நரசிம்மர். தூணுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சுண்டிருக்கேன்.