மூன்றே முக்கால் காலி

இனிமேல் வந்தவர்களுக்கெல்லாம் வேலை செய்வதில்லை என்று மிகுந்த மனக்கனத்தோடு முடிவெடுத்தேன். பிறருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடுப்பது என் தொழில். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாத சுதந்திரப் பறவை. ஆனால் தப்பான வாடிக்கையாளர் ஒருவர் போதும், பறவை கூண்டுக்குள் போய்விடும்.

ஆளை எடைபோட என் அறையில் ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலி என்பது மரியாதைக்கு. ஒரு கால் குட்டை, ஆகவே மூன்றே முக்கால் காலி. ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்பவர் என் எழுத்தையும் பொறுத்துக்கொள்வார். "என்ன நாற்காலி இது?" என்று கேட்பவர் வரிக்கு வரி கேட்பார். ஒருமுறை ஒரு தளபதி ஆடிய ஆட்டத்தில் அவர் மீசையே கழன்று விழுந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. அவர் வரலாற்றைக் கண்ணீரோடு எழுதினேன்.

இந்த நிலையில்தான் என் மைத்துனன் தன் வரலாற்றை எழுதச் சொன்னான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஏற்ற இறக்கம் நிறைந்த வாழ்க்கை, மறுக்கவில்லை. ஆனால் மழை ஈரமாக இருக்கிறது என்று குறை சொல்பவன். ஒப்புக்கொண்டால் என் மிச்ச ஆயுள் அவன் ஆயுளைத் திருத்துவதிலேயே போய்விடும். நாற்காலியில் உட்கார்ந்த மறுகணம் கத்துவான், தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"தொழில்ல உன் தம்பி, என் தம்பின்னு பார்க்க முடியாது. நாற்காலி சொல்றதுதான்."

"அது சரின்னுட்டா?"

"மறுபேச்சே கிடையாது."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நாற்காலிதான் ஆடும். நான் ஆட மாட்டேன்."

வந்தான். உட்கார்ந்தான். ஜன்னல், மின்விசிறி, என் சட்டை எல்லாவற்றையும் குறை சொன்னான். நாற்காலியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அது ஆடினால்தானே!

"நாளைக்கே ஆரம்பிச்சிடலாம் அத்தான். பொறந்ததுலேர்ந்து சொல்றேன்" என்று கிளம்பிவிட்டான்.

மண்டியிட்டு நாற்காலிக் காலைப் பார்த்தேன். குட்டையாகத்தான் இருந்தது.

"எப்படிடீ ஆடாம உட்கார்ந்தான்?"

"சின்ன வயசுலேர்ந்து அதுல உட்கார்ந்தவன். எந்தப் பக்கம் சாயணும்னு தெரியாதா? எங்க வீட்டுலேர்ந்து வந்ததுதானே."

"அப்பவே கால் குட்டையா?"

"எங்கப்பாதான் அறுத்தார்."

"எதுக்கு?"

"என்னைப் பொண்ணு கேட்டு வர்றவங்கள உட்கார வைக்க. நீங்க ஒருத்தர்தான் சாயங்காலம் வரைக்கும் ஆடிக்கிட்டே இருந்தீங்க, வாயே திறக்கல."