நட்புறவுப் பலா

ஒரு காட்டில் என்று தொடங்கினால் இந்தக் கதை பாதியில் நின்றுவிடும். இதற்கு இரண்டு காடுகள் வேண்டும், நடுவில் ஓர் ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம். மேற்குக் காட்டுக்குச் சிங்கம் ராஜா, கிழக்குக் காட்டுக்குப் புலி ராஜா.

மேற்கில் அங்காயி என்ற கரடி இருந்தாள். அவளிடம் பலாப்பழம் இருந்தது. கிழக்கே ஒரு முள்ளம்பன்றியிடம் வள்ளிக்கிழங்கு இருந்தது. வருஷா வருஷம் இருவரும் மாற்றிக்கொள்வார்கள். பலா ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். கிழங்குதான் அங்காயியின் இரண்டு குட்டிகளுக்கும் மழைக்காலம் முழுக்கச் சாப்பாடு.

அந்த வருஷம் பார்த்துத் தும்மல் காய்ச்சல் வந்தது. அது கிழக்கிலிருந்து வந்தது என்றது சிங்கம். மேற்கிலிருந்து வந்தது என்றது புலி. இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்ப் பாலத்தை மூடின. காவலுக்கு ஒரு கீரி, சோதனைக்கு ஒரு நாரை. நாரை தன் நீண்ட அலகை மூக்குக்குள் விட்டுத் துழாவிப் பார்த்துச் சான்றிதழ் தரும்.

அங்காயி கூடையோடு போய் நின்றாள்.

"சான்றிதழ் வாங்கிட்டேன் சார்" என்றாள், மூக்கைத் தேய்த்துக்கொண்டே.

"அனுமதிச் சீட்டு?" என்றது கீரி.

"அது எப்பக் கிடைக்கும்?"

"மூணு நாளாகும்."

"இந்தச் சான்றிதழ் எத்தனை நாளைக்குச் செல்லும்?"

"ரெண்டு நாள்."

அப்போது மேளச்சத்தம் கேட்டது. நாலு குரங்குகள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தன. பெட்டிக்குள் கஷாயம், மூடியில் சிங்கத்தின் படம், அதன் கீழே 'நட்புறவு அன்பளிப்பு'. குரங்குகள் தும்மிக்கொண்டே பாலத்தில் ஏறின. கீரி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தது.

"அதுங்க மூக்கை யாரும் பார்க்கலையே?"

"அன்பளிப்பும்மா. சோதிச்சா பக்கத்து ராஜா மனசு புண்பட்டுடும்."

மறுநாளே கிழக்கிலிருந்து பதில் மரியாதை வந்தது. அதே கஷாயம், அதே பெட்டி. படம் மட்டும் புலியுடையது.

அங்காயி வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தாள். மரத்துக்கு மரம் சிங்கத்தின் படம் ஒட்டியிருந்தது. ஒன்றை உரித்துப் பெரிய பலாப்பழத்தின் மேல் ஒட்டினாள். மறுநாள் கீரி சல்யூட் அடித்தது. அன்று மாலையே முள்ளம்பன்றியின் கிழங்கு, புலியின் படத்தோடு, அங்காயி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

செய்தி பரவாமல் இருக்குமா? அணில் அனுப்பிய நெல்லிக்காயில் சிங்கம், பதிலுக்கு வந்த தேன்கூட்டில் புலி. ஒரே வாரத்தில் இரண்டு காட்டிலும் எல்லா வயிறும் நிறைந்தது. மரங்களில்தான் படமே மிஞ்சவில்லை.

ராஜாக்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பாலத்தின் நடுவில் சந்தித்து, கைகொடுக்காமல் முழங்கையை இடித்துக்கொண்டன. கூட்டறிக்கை வந்தது: 'நம் உறவு உச்சத்தை எட்டிவிட்டது. எனவே இனி அன்பளிப்புகள் தேவையில்லை. இன்று முதல் பாலம் வர்த்தகத்துக்குத் திறக்கப்படுகிறது.' ரிப்பனும் வெட்டின.

மறுநாள் அங்காயி கடைசிக் கூடையோடு வந்தாள். வானம் கறுத்திருந்தது. வீட்டில் பாதி மழைக்காலத்துக்குத்தான் கிழங்கு இருந்தது. பாலத்தின் முன்னே அரை மைலுக்கு வரிசை நின்றது.

"ஒன்பது படிவம், மூணு பிரதி" என்றது கீரி.

"மூடியிருந்தப்ப சும்மாதானே போய் வந்தேன் சார்?"

"அப்ப மூடியிருந்ததும்மா. இப்பத் திறந்தாச்சே!"

அங்காயிக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. அதன் பிறகு, ஓரமாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நாரை கண்ணில் பட்டது.

"ஐயா, ஒரு தடவை என் மூக்கைப் பார்த்துடுங்களேன்" என்றாள்.

வேலையில்லாமல் தவித்த நாரை ஆசையாக அலகை விட்டுத் துழாவியது.

அங்காயி தும்மினாள். பாலமே அதிர்ந்தது.

கீரி பாய்ந்து கதவைச் சாத்தியது. மதியத்துக்குள் சிங்கம் கிழக்கைக் குற்றம் சொன்னது, புலி மேற்கைக் குற்றம் சொன்னது. மாலையில் இரண்டுமே பெருந்தன்மையோடு கஷாயப் பெட்டிகளுக்கு உத்தரவு போட்டன.

அங்காயி கூடையை இறக்கி வைத்து, இடுப்பில் மடித்து வைத்திருந்த கடைசிப் படத்தை எடுத்து நக்கி ஒட்டினாள்.

நீதி: பக்கத்து நாட்டோடு பண்டமாற்று தடையில்லாமல் நடக்க, உறவு கொஞ்சம் கெட்டே இருக்க வேண்டும். அது தேறிவிடும் போலத் தெரிந்தால் உடனே தும்மிவிடுங்கள்.