மூன்றாவது மேசை ஆடுகிறது

நடைபாதையில் மேசை போட்டுச் சாப்பாடு தரும் கடைகளைச் சோதிப்பது என் வேலை. உரிமம் இருக்கிறதா, நடப்பவர்களுக்கு வழி விட்டிருக்கிறார்களா, நாற்காலிக் கால் உறுதியா, எல்லாம் பார்ப்பேன். அந்தக் கடைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இருபத்தாறு வருஷ விரதம்.

"பிள்ளைங்க ரெண்டும் வேலைக்குன்னு வெளியூர் போயாச்சு. ஒருநாள் நாம வெளியில உக்காந்து சாப்பிடலாமாங்க?" என்றாள் மனைவி.

"ஊர்ல இருக்கிற கடை எல்லாம் என் கையெழுத்துல நடக்குது. நான் போய்ச் சாப்பிட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"காசு குடுத்துத்தானே சாப்பிடப் போறோம்?"

"குடுத்தாலும் ஓசின்னுதான் சொல்லுவாங்க."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் இந்தப் புத்தி எனக்கு.

மறுநாள் சாயங்காலம் அலுவலகத்துக்கு ஒரு புகார். தெருமுக்குக் கடையில், வெளியே மூன்றாவது மேசை, சாப்பிடும்போது ஆடுகிறதாம். புகார் கொடுத்தவர் அங்கேயே இருந்து காட்ட வேண்டும், கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அளவு நாடாவோடு ஓடினேன்.

மூன்றாவது மேசையில், ஊருக்குப் போனால் மட்டும் கட்டும் கைக்கடிகாரத்தோடு, என் மனைவி.

"நீயா புகார் குடுத்தே?"

"ஆமாங்க சார்."

விதிகளையெல்லாம் தினமும் சோற்றோடு பிசைந்து அவளுக்கு ஊட்டியவன் நான்தான். மேசையை அமுக்கிப் பார்த்தேன். பாறை மாதிரி நின்றது.

"ஆடலையே."

"வெறும் மேசை எப்படி ஆடும்? சாப்பிடும்போது ஆடுதுன்னுதானே சொன்னேன். புகாரைச் சரியாப் படிங்க."

கடைக்காரர் இரண்டு தட்டுகளை வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"ரெண்டு எதுக்கு?"

"ரெண்டு பக்கமும் பாரம் இருந்தாத்தான் தெரியும். காசு முன்னாடியே குடுத்துட்டேன், ரசீது இந்தா இருக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தேன். உடனே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தாள். ஜெபத்தின் நடுவில் எழுந்து போக எனக்குத் தைரியம் கிடையாது. பிள்ளைகள், அக்கம்பக்கம், கடைக்காரர், அவர் மாமியார் என்று ஒருவரையும் விடவில்லை. நின்றுகொண்டு கேட்டிருந்தால் கடவுளுக்கே கால் வலித்திருக்கும். கடைசியில் மெல்லச் சொன்னாள்: "இந்த மனுஷனை எதிர்ல உக்கார வச்சதுக்கு நன்றி."

அப்புறம் நான் எங்கே எழுவது? சாப்பிட்டோம். சின்னவன் போனில் சொன்ன கதையைச் சொன்னாள். நான் சிரித்ததில் புரை ஏறியது. மேசை மட்டும் ஆடவே இல்லை.

"சரி, குறை ஒண்ணும் இல்ல. கையெழுத்துப் போடு."

போட்டாள். படிவத்தின் அடியில் 'மறு சோதனை தேவையா?' என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்தாறு வருஷத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. நிதானமாக எழுதினாள்:

'தேவை. சனிக்கிழமைதோறும்.'