மழைக்கும் நாந்தான், தாலிக்கும் நாந்தான்

சங்கரன்கோவிலில் இதுவரை நடந்த எல்லாத் தப்புகளுக்கும் காரணம் ஒரே ஓர் ஆள். நான் சொல்லவில்லை, அவரே சொல்வார்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அவர் அதன் மேனேஜர். சொந்தப் பெயர் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. பந்தியில் சாம்பார் உப்புக் கரித்தால், "யாருவே இங்கன மாஸ்டர்?" என்று ஒரு குரல் எழும். மாஸ்டர் அண்டாவுக்குப் பின்னால் குனிந்துகொள்வார். பரிமாறுகிறவர்கள் திடீரென்று தண்ணீர் எடுக்கப் போய்விடுவார்கள். அப்போது தோளில் துண்டும் இடுப்பில் பெரிய சாவிக்கொத்துமாக, முகமெல்லாம் வியர்த்து ஒருவர் வந்து கைகட்டி நிற்பார்.

"நாந்தான்."

அதனால் அவர் நாந்தான் அண்ணாச்சி ஆனார். மைக் கரகரத்தால் நாந்தான். பந்தலுக்குள் நாய் புகுந்தால் நாந்தான். ஒரு தடவை விருதுநகர்ப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த ரயில் லேட்டாகிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் அவர்களை வரவேற்று, "மன்னிச்சிருங்க, நாந்தான்" என்று கும்பிட்டிருக்கிறார். இவர்தான் சிக்னல் போடுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்தார்கள்.

நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் மனசார நம்பினார். அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. எதைப் பற்றி அவர் முன்கூட்டியே கவலைப்பட்டுவிடுகிறாரோ அது நடக்காது. எதை மறந்துவிடுகிறாரோ அதுதான் நடக்கும்.

"நேத்து ஜெனரேட்டருக்குக் கவலப்பட்டேன், கேஸுக்குக் கவலப்பட்டேன், வாழைமரம் சாஞ்சிருமோன்னு கூட கவலப்பட்டேன் பாப்பா" என்பார் என்னிடம். "மழய மறந்துட்டேன். பாத்தியா, பெய்யிது."

"மழை பெஞ்சா நல்லதுதான அண்ணாச்சி? ஊரே கேட்டுக்கிட்டு கெடக்கு."

"அதுக்கு இன்னிக்கா பெய்யணும்? சமையக்கட்டு ஒழுகுது. நாந்தான்."

கல்யாண நாளில் தாலி ஏறும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். ஜெனரேட்டர் ரூம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு, வரிசையாகக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். பக்கத்துத் தறிகளின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அது சட்டென்று நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். மண்டபத்தில் விளக்கு அணைந்ததை மற்றவர்கள் கவனிப்பதற்குள் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்திருக்கும், நாந்தான் அண்ணாச்சி மேடை ஏறி மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் அக்கா கோமதியின் கல்யாணத்தின்போது நான் மேனேஜ்மென்ட் பேசப் போனேன்.

அப்போது எனக்கு வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ப்ராஜெக்ட் பார்க்கிற வேலை, வீட்டிலிருந்தே. பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் யார் மேலாவது பிரயோகித்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்கிற பருவம். கல்யாண வேலை மொத்தத்தையும் ஒரு சார்ட் பேப்பரில் கட்டம் கட்டி எழுதினேன். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்று ரெஸ்பான்சிபிள், இன்னொன்று அக்கவுண்டபிள். மண்டபத்துச் சமையலறைச் சுவரில் அதை ஒட்டிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்து நின்றார்.

"ரெண்டும் பொறுப்புதான பாப்பா? ஏன் ரெண்டு கட்டம்?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன்.

"தமிழ்ல ரெண்டையும் பொறுப்புன்னே சொல்லிப் பழகிட்டோம் அண்ணாச்சி. ஆனா ரெண்டும் வேற. ரெஸ்பான்சிபிள்னா வேலையச் செய்யுத ஆளு. நாலு பேரு சேந்தும் செய்யலாம். அக்கவுண்டபிள்னா, வேலை நடக்கலைன்னா 'ஏன் நடக்கலை'ன்னு கேக்கும்போது எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுத ஆளு. அது ஒரே ஒருத்தராத்தான் இருக்கணும். ரெண்டு பேரு இருந்தா ஒருத்தர ஒருத்தர் கை காட்டிருவாங்க."

"அப்போ மாஸ்டர் சாம்பார் வைக்காரு, அவரு மொதக் கட்டம்."

"ஆமா."

"நான் ஏச்சு வாங்குதேன், ரெண்டாவது கட்டம்."

"கரெக்ட்!"

"அப்போ ரெண்டாவது கட்டத்துல பூராவும் என் பேரப் போட்டுரு தாயி. நீ எதுக்கு மூளையக் கசக்கிக்கிட்டு?"

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கவலைப்படுவது வேறு, பதில் சொல்லும் கடமை வேறு என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். ஊரில் இருக்கிற தப்பையெல்லாம் ஒருத்தர் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது, அது தப்பான மேனேஜ்மென்ட் என்றேன். அவருக்குச் சாப்பாடு, விளக்கு, தண்ணீர் மட்டும் கொடுத்தேன். மனமில்லாமல் தலையாட்டினார்.

"தாலி?" என்றார் போகிற போக்கில்.

"தாலிக்கு ஒரு படையே இருக்கு அண்ணாச்சி. நீங்க அதுக்குக் கவலப்படாதீங்க."

உண்மையில் அந்த ஒரு கட்டம்தான் எனக்கு உதைத்துக்கொண்டிருந்தது. முதலில் தாலிக்கு நேராகத் தாய்மாமா பெயரை எழுதினேன். சித்தப்பா பார்த்துவிட்டார். "அப்போ நாங்க எதுக்கு வந்திருக்கோம்? எலையில உக்காந்து எந்திரிக்கவா?" சித்தப்பா பெயரைச் சேர்த்தால் பெரிய அத்தான் முகம் சுருங்கியது. அத்தானைச் சேர்த்தால் அவருடைய தம்பி விடுபட்டார். கடைசியில் அப்பா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, எல்லாப் பெயரையும் அடித்துவிட்டு ஒரே வார்த்தை எழுதினார்: அனைவரும்.

"இப்ப யாருக்கும் வருத்தமில்லல்லா?" என்றார் நிம்மதியாக.

கல்யாணத்தன்று காலை தேங்காய், மஞ்சள் கயிறு, தாலி வைத்த தட்டு ஆசீர்வாதத்துக்குப் புறப்பட்டது. எங்கள் பக்கத்தில் அது ஒவ்வொரு வரிசையாகப் போய், எல்லாரும் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் மேடைக்குத் திரும்பும். மாமா எடுத்துக்கொண்டு போனார். பாதியில் சித்தப்பா வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு கைமாறியதை நான் பார்க்கவில்லை. சரியான நேரத்துக்குத் தட்டு மேடைக்கு வந்தது. ஐயர் பூவை விலக்கினார். தேங்காய் இருந்தது. இன்னும் கொஞ்சம் பூவை விலக்கினார். அட்சதை இருந்தது.

ஐயர் மந்திரத்தை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை இனி எந்த ஜென்மத்திலும் வாங்க வேண்டாம்.

நான் ஓடியிருப்பேன். ஆனால் ஓட முடியாது. மேடையில் நடப்பதெல்லாம் ஹால் சுவரில் பெரிய ஸ்கிரீனில் ஓடிக்கொண்டிருந்தது.

"சிரிச்சுக்கிட்டே கேளுட்டி, எல்லாருக்கும் தெரியுது" என்றார் அம்மா, பல் தெரிய.

நான் சிரித்துக்கொண்டே மாமாவிடம் கேட்டேன். மாமா சிரித்துக்கொண்டே, "நான் அப்பவே சித்தப்பாட்ட குடுத்துட்டேனே" என்றார். சித்தப்பா, "அத்தான் கையில பத்திரமாக் குடுத்தேன்" என்றார். அத்தான், "தட்டத்தானய்யா குடுத்தீரு? உள்ள என்ன இருந்துச்சுன்னு நான் ஏன் பாக்கணும்?" என்றார். எல்லாரும் தொட்டிருந்தார்கள். எல்லாரும் கும்பிட்டிருந்தார்கள். எல்லாரும் அடுத்தவர் கையில் கொடுத்திருந்தார்கள். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த துபாய்ப் பெரியப்பாவிடமிருந்து என் போனுக்கு மெசேஜ் வந்தது: "ஏன் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கீழ குனிஞ்சு தேடுதீங்க?"

கோமதி அக்கா மட்டும் நிமிரவில்லை. மாலையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. இரண்டு தடவை தட்டிப்போய் மூன்றாவதாக அமைந்த இடம் இது. முகூர்த்த நேரத்தில் தாலி காணாமல் போனது என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால், அதற்கு அவர்கள் வைக்கும் பெயர் சகுனம். அந்தப் பெயர் அவள் போகிற வீட்டுக்கு அவளுக்கு முன்னாடியே போய் உட்கார்ந்துகொள்ளும். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசிக்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளையின் அத்தை மேலநீலிதநல்லூரிலிருந்து வந்திருந்தார். அவர் பேசினால் மைக் வேண்டாம். எழுந்தார்.

"என்ன அங்கன குசுகுசுன்னு? தாலியக் காணுமா? யாருய்யா இதுக்குப் பொறுப்பு?"

எங்கள் 'அனைவரும்' ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"நாந்தான்."

ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க வந்தார் மனிதர். முகம் வெளிறியிருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"காணாம எல்லாம் போகல தாயி. எல்லாரும் தொட்டதுல கயிறு பன்னீர்ல நனைஞ்சு போச்சு. ஈரக் கயித்துல முடிச்சு நிக்காதேன்னு நாந்தான் எடுத்து உள்ள காய வச்சிருக்கேன்."

"யாரக் கேட்டு எடுத்தீரு?"

"யாரையும் கேக்கல. தப்புதான்."

அத்தை ஆரம்பித்தார். அண்ணாச்சி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். பின்னால் இருந்த கை மட்டும் சாவிக்கொத்தை என் பக்கம் ஆட்டிக்கொண்டே இருந்தது. போ, தேடு, சீக்கிரம்.

போட்டோகிராபரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "தம்பி, தட்டுல இருந்து ஏதாவது எடுத்தியா?"

பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அக்கா... க்ளோஸப் ஒண்ணு எடுத்தேன். வாசல்ல. பாத்துக்கோங்கன்னு அங்கன நின்ன ஒரு அண்ணாச்சிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். மாப்பிள்ளை கூப்பிட்டாரு..."

எந்த அண்ணாச்சி என்று கேட்க நேரமில்லை. அவரும் சாப்பிடப் போயிருப்பார். வாசலுக்குப் பறந்தேன். பின்னால் அத்தையின் குரல் மூச்சு வாங்குவதற்காகக் கொஞ்சம் இறங்கியது. உடனே அண்ணாச்சி குரல் கேட்டது: "காலையில காப்பியில சீனி கம்மியா இருந்துச்சுல்லா? அதுவும் நாந்தான்." அத்தைக்குப் புது வேகம் வந்தது. அது தணியும்போது, "வாசல்ல செருப்பு மாறிப் போச்சுன்னு சொன்னாவ, அதுவும் நாந்தான்." ஒவ்வொரு தப்பாக எடுத்துக் கொடுத்து, திட்டு அணையாமல் பார்த்துக்கொண்டார்.

வாசலில் அலங்காரத்துக்கு ஒரு பெரிய பித்தளை உருளி வைத்திருந்தார்கள், தண்ணீர் நிறைய, மேலே பூ மிதக்க. நடுவில் ஒரு தாமரை. தாமரைக்கு மேல் தாலியை வைத்து அழகாகப் படம் எடுத்திருக்கிறான் பாவி. பாரம் தாங்காமல் தாமரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தாலி அதன் இதழ் ஓரத்தில் தொற்றிக்கொண்டு நிற்க, கயிறு முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. அண்ணாச்சி சொன்ன பொய் ஒரு சொல் கூட வீணாகவில்லை. கயிறு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

பின்வாசல் வழியாக ஓடி அவர் கையில் திணித்தேன். துண்டில் வைத்து அழுத்தித் துடைத்து, "முக்காவாசி காஞ்சிருச்சு தாயி" என்று அத்தையின் கண்ணெதிரிலேயே தட்டில் வைத்தார். அத்தை தொட்டுப் பார்த்தார். ஈரம். நம்பிவிட்டார். கெட்டிமேளம் அடித்தது. அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். ஸ்கிரீனில் எல்லாரும் இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தார்கள்.

அட்சதை போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், அவர் ஜெனரேட்டர் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்திருந்தார்.

"தாலிக்கு நான் கவலப்படவே இல்ல பாத்தியா பாப்பா. ஒரு படை இருக்குன்னு நீ சொன்னதும் விட்டுட்டேன். அதான் இப்படி ஆயிப்போச்சு."

"அண்ணாச்சி, நீங்க..."

"நாந்தான்" என்று சொல்லித் தண்ணீரைக் குடித்தார்.

அதோடு முடியவில்லை. தாலியை மேனேஜர் கேட்காமல் எடுத்தார் என்று அத்தை மண்டப முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனதாக மறுநாள் காதில் விழுந்தது. அவருடைய வேலை போய்விடுமே என்று நானும் அப்பாவும் பதறிப்போய் முதலாளி வீட்டுக்கு ஓடினோம். உண்மை முழுவதையும், அந்த 'அனைவரும்' உட்பட, கொட்டித் தீர்த்தேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"நேத்தே வந்து எல்லாம் நாந்தான்னு சொல்லிட்டாரு அந்த ஆளு. நானும் கோவத்துல, நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டேன்."

சட்டென்று எழுந்துவிட்டேன். "இப்ப எங்க இருக்காரு?"

"மண்டபத்துலதான். நான் கோவப்பட்டதுக்கும் அவருதான் காரணமாம். அதுக்கு மன்னிப்புக் கேக்க விடியக்காலமே வந்து கதவத் தொறந்துட்டாரு. அவர என்ன செய்யச் சொல்லுதீங்க?"

அதைவிடப் பெரிய கூத்து, அந்த அத்தையே தன் மகன் கல்யாணத்துக்கு அதே மண்டபத்தைப் பிடித்ததுதான். ஏன் என்று அக்கா கேட்டிருக்கிறாள். "மத்த மண்டபத்துல ஏசுனா ஒருத்தன் மொகத்தை ஒருத்தன் பாக்கான். அங்கன ஏசுனா வாங்கிக்க ஒரு ஆளாவது இருக்குல்லா" என்றாராம்.

இப்போதும் என் ஆபீஸ் மீட்டிங்கில் வேலை ஏதாவது கெட்டுப்போய், "இதுக்கு யார் அக்கவுண்டபிள்?" என்று மேலே இருப்பவர் கேட்பார். லேப்டாப்பில் இருக்கிற அத்தனை முகமும் மின்விசிறியைப் பார்க்கும். அந்த மௌனத்தில் என் காது தானாகச் சாவிக்கொத்துச் சத்தத்தைத் தேடும்.

வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். எதுவும் அமையவில்லை. போன வாரம் மண்டபத்துப் பக்கம் போனபோது அண்ணாச்சியைப் பார்த்தேன். "ஏன் பாப்பா தள்ளிக்கிட்டே போவுது? நாந்தான் ஒனக்கு ஒழுங்காக் கவலப்படல போல" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

மாப்பிள்ளை யார் என்று இன்னும் தெரியாது. மண்டபம் மட்டும் முடிவாகிவிட்டது.